சிறுதொழில் நடத்துவோரின் நேரமும் கூட்டங்களும்: தருமபுரி, கிருஷ்ணகிரி வட்டாரத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஓசூர் சிப்காட் தொழிற்பேட்டையை ஒட்டிய லேத் பட்டறை, கிருஷ்ணகிரி மாங்கூழ் ஆலை, தருமபுரி புளி மண்டி, பேருந்து நிலையத்தருகே ஒரு ஹார்டுவேர் கடை என்று தொழில்கள் வேறாக இருந்தாலும், ஐந்து பேர் முதல் முப்பது பேர் வரை வைத்து வேலை வாங்கும் முதலாளிகள் நேரத்தைப் பற்றிக் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கின்றன. அவற்றுக்கான பதில்கள் இங்கே.

காலையில் கடை திறந்ததிலிருந்து இரவு பூட்டும்வரை அங்கேயேதான் இருக்கிறேன். ஆனாலும் செய்ய நினைத்த வேலை மட்டும் நடப்பதில்லை. எங்கிருந்து தொடங்குவது?

முதல் வாரம் எதையும் மாற்ற வேண்டாம். கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு நோட்டை வைத்து, உங்களைத் தேடி வந்த ஒவ்வொருவரையும் ஒவ்வொரு போன் அழைப்பையும் ஒரு வரியில் எழுதுங்கள். மணி என்ன, வந்தவர் யார், எதற்காக வந்தார், அந்தப் பதிலை உங்களைத் தவிர வேறு யாராவது சொல்லியிருக்க முடியுமா என்ற நான்கும் போதும்.

ஒரு ஹார்டுவேர் கடையில் அந்தப் பக்கம் ஏறக்குறைய இப்படி இருக்கும். 9.40: ஒன்றேகால் இன்ச் பிவிசி பைப் ஒரு லெங்த் என்ன விலை. 9.45: பெயிண்ட் குடோன் சாவி. 9.50: பிளம்பருக்கு எத்தனை சதவீதம் தள்ளுபடி. 10.05: பழைய பாக்கி இருப்பவருக்கு மேலும் பத்து மூட்டை சிமெண்ட் கொடுக்கலாமா. 10.10: வண்டிக்காரர் வாடகை கேட்கிறார். 10.20: டேங்க் மாற்ற வந்தவரிடம் பில் இல்லை. இந்த ஆறில் முதலாளியே முடிவு செய்ய வேண்டியது சிமெண்ட் கடன் ஒன்றுதான். மற்ற ஐந்தும், சுவரில் ஒட்டிய விலைப்பட்டியல், மூத்த பணியாளரிடம் ஒரு சாவிக்கொத்து, தள்ளுபடிக்கும் வண்டி வாடகைக்கும் திருப்பி எடுப்பதற்கும் எழுதி வைத்த விதி ஆகியவை இருந்தால் உங்கள் காதுக்கே வராமல் முடிந்துவிடும்.

சிறுதொழில் முதலாளியின் நேரத்தைத் தின்பது பெரிய வேலைகள் அல்ல. எல்லாமே அவர் வாய்ச்சொல்லுக்காகக் காத்திருப்பதுதான். ஆகவே நேரத்தைத் திட்டமிடுவது என்பது முதலில் யார் எதை முடிவு செய்யலாம் என்று வகுப்பதில் தொடங்குகிறது. அதைச் செய்யாமல் வாங்கும் எந்த டைரியும் செயலியும் பயன் தராது.

முடிவெடுக்கும் உரிமையைப் பணியாளரிடம் விட்டால் பணம் கை மாறிவிடாதா?

இந்த அச்சம் நியாயமானது. அதனால்தான் உரிமையை ஓர் எல்லையோடு கொடுக்க வேண்டும். பில் தொகையில் இவ்வளவு சதவீதம் வரை தள்ளுபடி, இவ்வளவு ரூபாய் வரை சில்லறைச் செலவு, இந்தப் பட்டியலில் உள்ள வாடிக்கையாளருக்கு மட்டும் இவ்வளவு வரை கடன் என்று எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுங்கள். எல்லைக்குள் நடந்ததை அன்று மாலையே ஒரு தாளில் காட்ட வேண்டும் என்பதும் அதிலேயே இருக்கட்டும். முதல் மாதத்தில் சில முடிவுகள் நீங்கள் எடுத்திருக்கக்கூடியதைவிடச் சற்று மோசமாக இருக்கும். அதற்காகப் பலர் முன்னிலையில் கடிந்துகொண்டால், மறுநாளிலிருந்து பைப் விலைக்கும் உங்களையே கேட்பார்கள்.

தினமும் காலையில் தொழிலாளர்களை நிறுத்திக் கூட்டம் போடுவது தேவையா? உற்பத்தி நேரம் வீணாகிறதே?

எட்டுப் பேருக்கு மேல் வேலை செய்யும் பட்டறையில் தேவை என்பதே என் உறுதியான கருத்து. ஆனால் அது பத்து நிமிடத்தைத் தாண்டக் கூடாது, உட்கார்ந்து நடக்கக் கூடாது, அலுவலக அறையில் நடக்கக் கூடாது.

ஓசூர்ப் பக்கம் வாகன உதிரிபாகங்களுக்கு ஜாப் ஒர்க் (பெரிய நிறுவனங்களுக்காகக் கூலிக்குச் செய்து தரும் வேலை) செய்யும் ஒரு பட்டறையை எடுத்துக்கொள்வோம். ஷிப்ட் தொடங்கும்போது எல்லோரும் கரும்பலகையின் முன் நிற்கிறார்கள். பலகையில் மூன்று கட்டங்கள்: இன்று எந்த மெஷினில் எந்த ஜாப், அதற்கு என்ன குறைகிறது, நேற்று எது ரிஜெக்ட் ஆனது. இரண்டாவது கட்டம்தான் உயிர்நாடி. இன்சர்ட் (வெட்டும் முனை) தேய்ந்துவிட்டது, கேஜ் (அளவு பார்க்கும் கருவி) சரிபார்ப்புக்குப் போயிருக்கிறது, டிராயிங்கில் புதிய திருத்தம் வந்ததா என்று தெரியவில்லை என்பவை காலை எட்டரைக்கே பலகையில் ஏறிவிட்டால், பதினொரு மணிக்கு மெஷின் நின்றுகொண்டு உங்களைத் தேட வேண்டியதில்லை.

இந்த எல்லைப் பகுதியில் ஒரே பட்டறையில் தமிழ், தெலுங்கு, கன்னடம் பேசுவோரும், இந்தி மட்டுமே அறிந்த வடமாநிலத் தொழிலாளர்களும் சேர்ந்து வேலை செய்கிறார்கள். முதலாளி தமிழில் சொன்னதற்கு எல்லோரும் தலையாட்டினார்கள் என்பதால் எல்லோருக்கும் புரிந்துவிட்டது என்று கொள்ள முடியாது. ஒவ்வொருவரும் தன் மெஷினில் இன்று செய்யப்போவதைத் தன் மொழியில் ஒரு வாக்கியத்தில் திரும்பச் சொல்லட்டும்; மொழி தெரிந்த சக பணியாளர் ஒருவர் அதை உறுதி செய்யட்டும். எண்களையும் பாகத்தின் படத்தையும் பலகையில் வரைந்துவிட்டால் பாதிக் குழப்பம் அங்கேயே தீர்ந்துவிடும்.

சம்பளம், அட்வான்ஸ், விடுப்பு ஆகியவற்றை இந்தக் கூட்டத்தில் எடுக்காதீர்கள். அவற்றுக்கு வாரத்தில் ஒரு மாலை அரை மணி நேரம் ஒதுக்கித் தனித்தனியே பேசுங்கள். பத்துப் பேர் நிற்கும்போது தன் வீட்டுக் கஷ்டத்தைச் சொல்லி அட்வான்ஸ் கேட்க வேண்டிய நிலையை யாருக்கும் வைக்கக் கூடாது.

அண்ணன், தம்பி, அப்பா என்று குடும்பமாகத் தொழில் செய்கிறோம். எல்லா நேரமும் தொழில் பேச்சுதான். ஆனால் எதுவும் முடிவாவதில்லை. என்ன செய்வது?

நாள் முழுவதும் பேசுவதால்தான் எதுவும் முடிவாவதில்லை. சாப்பாட்டு வேளையில் தொடங்கிய பேச்சு, குழந்தை அழுததும் நின்றுவிடுகிறது. வண்டியில் போகும்போது அண்ணன் ஒன்றைச் சொல்ல, தம்பி அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு மெஷினுக்கு அட்வான்ஸ் கொடுத்துவிடுகிறார். பிறகு யார் எப்போது என்ன சொன்னோம் என்பதே தகராறாகிறது.

வாரத்துக்கு ஒரு முறை, ஒரு மணி நேரம், வீட்டிலும் கடையிலும் இல்லாமல் வேறோர் இடத்தில் உட்காருங்கள். குடோனின் ஓர் அறையாக இருந்தாலும் போதும். எடுக்க வேண்டியவை மூன்றே: இந்த வாரம் வர வேண்டிய பணமும் போக வேண்டிய பணமும், ஆட்கள் பற்றியவை, நீங்கள் வகுத்த தொகைக்கு மேற்பட்ட கொள்முதல். அவற்றை முதல் நாள் இரவே எழுதி அனைவருக்கும் அனுப்பிவிட வேண்டும். அதில் இல்லாத விஷயம் அடுத்த வாரத்துக்குப் போகட்டும்.

யார் முதலில் பேசுவது என்பதையும் யோசித்து வையுங்கள். அப்பா முதலில் கருத்துச் சொல்லிவிட்டால், மரியாதையின் பொருட்டு மற்றவர்கள் வாயைத் திறக்க மாட்டார்கள். வயதில் இளையவரிலிருந்து தொடங்கி, பெரியவர் இறுதியாகப் பேசுவது என்று அவரிடமே முன்னதாகச் சொல்லி அனுமதி பெற்றுக்கொண்டால், அவருடைய மதிப்பும் குறையாது, மற்றவர்கள் மனத்தில் இருப்பதும் வெளிவரும்.

இன்னொன்றையும் அழுத்திச் சொல்ல வேண்டும். எத்தனையோ குடும்பத் தொழில்களில் பில் போடுவதும், பாக்கிக் கணக்கு எழுதுவதும், ஆடிட்டருக்குத் தாள்களை அனுப்புவதும் மனைவியோ அண்ணியோ செய்யும் வேலைகள். ஆனால் முடிவெடுக்கும் வேளையில் அவர்களை அழைப்பதில்லை. யாரிடம் எவ்வளவு நிலுவை, எந்தச் செக் திரும்பும் என்பதெல்லாம் நன்றாகத் தெரிந்தவர் இல்லாமல் பணத்தைப் பற்றி நடத்தும் கூட்டம் அரைகுறையானது. அவருக்கு அங்கே ஒரு நாற்காலி இருக்க வேண்டும். தேநீர் கொண்டுவருவதற்காக அல்ல.

மாம்பழப் பருவம் வந்தால் எந்தத் திட்டமும் நிற்பதில்லை. பருவத் தொழிலில் நேரத்தை எப்படித் திட்டமிடுவது?

வாரக் கணக்கில் திட்டமிடுவதை விட்டுவிட்டு ஆண்டுக் கணக்கில் திட்டமிட வேண்டும். மாங்கூழுக்குப் பெரிதும் பயன்படும் பெங்களூரா ரகம் மே முதல் ஜூலை வரை லாரி லாரியாக வந்து இறங்கும் காலத்தில், பழத்தின் பக்குவம் யாருக்காகவும் காத்திராது. அந்த மாதங்களில் தினசரிக் காலைக் கூட்டத்தைத் தவிர வேறு எதையும் வைத்துக்கொள்ள வேண்டாம். விற்பனைப் பிரதிநிதிகளுக்கும் வங்கியாளருக்கும் ஆகஸ்டுக்குப் பிறகு வாருங்கள் என்று இப்போதே சொல்லிவிடலாம்.

மாறாக, பிப்ரவரியும் மார்ச்சும் கூட்டங்களுக்குரிய மாதங்கள். பாய்லர் ஆய்வு, வங்கிக் கடன் வரம்பைப் புதுப்பித்தல், பேரல்களுக்கும் பைகளுக்கும் விலை பேசுதல், ஆட்களை அனுப்பும் மேஸ்திரியோடு கூலி ஒப்பந்தம் ஆகிய நான்கையும் அப்போதே முடித்துவிட வேண்டும். உணவுப் பாதுகாப்பு உரிமம் பெற்ற உற்பத்தியாளர்கள் தாக்கல் செய்ய வேண்டிய ஆண்டு அறிக்கைக்குக் கடைசி நாள் மே 31. தாமதமானால் நாளொன்றுக்கு 100 ரூபாய் கட்டணம். மாங்கூழ் ஆலைக்கு அது சரியாக உச்ச நேரத்தில் வந்து விழுகிறது. மார்ச் 31-ஓடு முடியும் ஆண்டுக்கான அறிக்கை என்பதால், ஏப்ரல் முதல் வாரத்திலேயே உட்கார்ந்து முடித்துவிடலாம்.

புளி வியாபாரத்தில் வரத்துக் காலம் ஆண்டின் தொடக்க மாதங்களில் வருவதால் இந்த வரிசை அப்படியே தலைகீழாகும். அவரவர் தொழிலுக்கு ஏற்ப, ஆண்டின் பன்னிரண்டு மாதங்களையும் ஒரே தாளில் எழுதி, கூட்டம் கூடாத மாதங்களைச் சிவப்பில் அடித்து வையுங்கள்.

ஜிஎஸ்டி, பிஎஃப் என்று மாதம் முழுவதும் ஏதாவது ஒரு கடைசித் தேதி வந்துகொண்டே இருக்கிறது. இதற்கு ஒரு ஒழுங்கு உண்டா?

உண்டு. மாதந்தோறும் தாக்கல் செய்பவருக்கு, பிடித்தம் செய்த வருமான வரியைக் கட்ட 7-ஆம் தேதி (மார்ச் மாதப் பிடித்தத்துக்கு மட்டும் ஏப்ரல் 30 வரை), விற்பனை விவரமான ஜிஎஸ்டிஆர்-1க்கு 11, பிஎஃப் (வருங்கால வைப்பு நிதி), இஎஸ்ஐ (தொழிலாளர் காப்பீடு) ஆகியவற்றுக்கு 15, வரியைக் கட்டும் ஜிஎஸ்டிஆர்-3பிக்கு 20 என்பன அடுத்த மாதத்தில் வரும் பொதுவான தேதிகள். ஆண்டு விற்றுமுதல் 5 கோடி ரூபாய் வரை உள்ளவர்கள் காலாண்டு முறையைத் தேர்ந்தெடுத்தால், முதல் இரண்டு மாதங்களுக்கும் வரியை 25-ஆம் தேதிக்குள் கட்டிவிட்டு, அறிக்கையைக் காலாண்டு முடிந்தபின் தாக்கல் செய்யலாம். தமிழ்நாட்டில் அதற்கான 3பி தேதி 22. நேரம் என்ற கோணத்தில் மட்டும் பார்த்தால் சிறு கடைகளுக்கு இது பெரிய விடுதலை. ஆனால் உங்களிடம் சரக்கு வாங்குபவர் மாதாமாதம் உள்ளீட்டு வரியை (வாங்கும்போது கட்டிய வரியைக் கழித்துக்கொள்ளும் சலுகையை) எதிர்பார்க்கும் நிறுவனம் என்றால், முதல் இரண்டு மாத பில்களையும் அடுத்த மாதம் 13-ஆம் தேதிக்குள் தனியே ஏற்ற வேண்டியிருக்கும். இதை ஆடிட்டரிடம் பேசி முடிவு செய்யுங்கள்.

மாதாந்திரத் தாக்கலில் முக்கியமான நாள் 14. அன்றுதான் உங்களுக்குச் சரக்கு அனுப்பியவர்கள் ஏற்றிய பில்களின்படி, உங்களுக்குரிய உள்ளீட்டு வரியைக் காட்டும் ஜிஎஸ்டிஆர்-2பி உருவாகிறது. ஆகவே, பில் ஏற்றாத சப்ளையர்களுக்கு 8, 9 தேதிகளிலேயே போன் செய்ய வேண்டும். 16-ஆம் தேதி ஒரு மணி நேரம் ஒதுக்கி 2பியை உங்கள் கொள்முதல் பதிவோடு ஒப்பிட வேண்டும். 20-ஆம் தேதி மாலை ஆடிட்டர் அலுவலகத்தில் போய் நிற்பவருக்கு, விடுபட்ட பில்லைத் தேடவும் நேரம் இருக்காது, அவர் சொல்வதை நிதானமாகக் கேட்கவும் முடியாது. தாமதமானால் 3பிக்கு வரி இருக்கும் நிலையில் நாளொன்றுக்கு 50 ரூபாயும், வரித்தொகைக்கு ஆண்டுக்கு 18 சதவீத வட்டியும் சேரும்.

பாக்கி வசூலுக்கு அலைவதிலேயே வாரத்தில் இரண்டு நாள் போகிறது. இதைக் குறைக்க வழி உண்டா?

நேரில் போய் நிற்பதற்கு முன் காகிதத்தில் செய்ய வேண்டியவை இருக்கின்றன. 2006-ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில்கள் மேம்பாட்டுச் சட்டப்படி, உத்யம் பதிவு (மத்திய அரசின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் பதிவு) பெற்ற குறு, சிறு உற்பத்தியாளருக்கும் சேவை வழங்குபவருக்கும், எழுத்து மூலமான ஒப்பந்தம் இருந்தால் அதில் கண்ட நாளுக்குள், ஆனால் எப்படியும் 45 நாட்களுக்குள், ஒப்பந்தம் இல்லையென்றால் 15 நாட்களுக்குள் பணம் தரப்பட வேண்டும். மீறினால், ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல் மூன்று மடங்கு வட்டி, மாதந்தோறும் கூட்டு வட்டியாகச் சேரும். அதோடு, வருமான வரிச் சட்டமும் இந்தக் கெடுவைத் தாண்டிய பாக்கியை உண்மையில் பணம் கொடுத்த ஆண்டில்தான் செலவாகக் கழிக்க அனுமதிக்கிறது. இந்த விதி வந்தபின் பெரிய நிறுவனங்களின் கணக்குப் பிரிவினர் மார்ச் மாதத்தில் உத்யம் சான்றிதழைத் தாங்களாகவே கேட்கிறார்கள்.

எனவே ஒவ்வொரு பில்லிலும் உத்யம் எண்ணையும் பணம் செலுத்த வேண்டிய தேதியையும் அச்சிடுங்கள். சரக்கு இறங்கியதற்கான முத்திரையிட்ட சலானை அன்றே போட்டோ எடுத்து வையுங்கள். பாக்கி இழுபடுவதில் பெரும்பகுதி, சலானைக் காணோம் என்ற சொல்லில்தான் தொடங்குகிறது. வாரத்தில் ஒரு முற்பகல், செவ்வாயோ புதனோ, கெடு நெருங்கும் பில்களுக்கு மட்டும் வரிசையாகப் போன் செய்யுங்கள். திங்கட்கிழமை காலையில் கணக்குப் பிரிவினர் எவரும் நின்று பேச மாட்டார்கள். சரக்கை வாங்கி அப்படியே விற்கும் வியாபாரிகளுக்கு இச்சட்டத்தின் பணப் பாதுகாப்புப் பொருந்தாது. கடன் எல்லையை முன்கூட்டியே வகுப்பதுதான் அவர்களுக்கு வழி.

ஓசூரிலும் பெங்களூருவிலும் உள்ள நிறுவனங்கள் திடீரென்று நாளை வாருங்கள் என்கின்றன. மறுக்கவும் முடியவில்லை.

மறுக்க வேண்டாம், ஆனால் கிளம்புமுன் மூன்று கேள்விகளைப் பணிவாகக் கேளுங்கள். எதைப் பற்றிப் பேசப்போகிறோம், முடிவெடுப்பவர் அங்கே இருப்பாரா, நான் என்ன கொண்டுவர வேண்டும்? அளவில் ஒரு சந்தேகம் என்றால், பாகத்தைக் கேஜோடு சேர்த்து வீடியோ அழைப்பில் காட்டினாலே கால் மணி நேரத்தில் முடிந்துவிடும். முடிவெடுப்பவர் ஊரில் இல்லாத நாளில் அழைத்திருந்தால், இந்தக் கேள்வியைக் கேட்டதும் அவர்களே தேதியை மாற்றிவிடுவார்கள்.

போவதென்று ஆனபின் அந்த நாளை முழுவதும் விட்டுவிட வேண்டும். கிருஷ்ணகிரியிலிருந்து பெங்களூரு ஏறக்குறைய 90 கிலோமீட்டர்தான் என்றாலும், எலக்ட்ரானிக் சிட்டிக்கு அப்பால் சில்க் போர்டு சந்திப்பை எந்த நேரத்தில் கடப்பீர்கள் என்பது உங்கள் கையில் இல்லை. பதினோரு மணிக்கு மேல் சந்திப்பை வைத்து, அதே நாளில் அதே திசையில் இன்னொருவரையும் பார்த்துவிட்டு வாருங்கள். சேலம் பக்கம் போகிறவர்கள் தொப்பூர் கணவாயை மனத்தில் வைக்க வேண்டும். அங்கே ஒரு லாரி கவிழ்ந்தால் அன்றைய கணக்கெல்லாம் மாறிவிடும். தருமபுரி, ஓசூர்க்காரர்களுக்கு ரயில் உண்டு. கிருஷ்ணகிரி நகருக்கு அந்த வசதியும் இல்லை.

ராகு காலம் பார்க்கும் கூட்டாளிகளோடு எப்படி நேரம் குறிப்பது?

வாதாட வேண்டாம்; முன்கூட்டியே குறித்துவிடுங்கள். திங்கள் 7.30 முதல் 9, செவ்வாய் 3 முதல் 4.30, புதன் 12 முதல் 1.30, வியாழன் 1.30 முதல் 3, வெள்ளி 10.30 முதல் 12, சனி 9 முதல் 10.30 என்று வாரந்தோறும் மாறாமல் வருவதால் திட்டமிடுவது எளிது. அலுவலக நேரத்தில் பெரிதும் இடிப்பவை வெள்ளி முற்பகலும் செவ்வாய் பிற்பகலும்தான். ஒப்பந்தக் கையெழுத்தையும் முன்பணம் கொடுப்பதையும் புதன், வியாழன் முற்பகலில் வைத்தால் எவருக்கும் மனக்குறை இராது.

வாட்ஸ்அப் குழுக்கள் ஓயாமல் ஒலிக்கின்றன. அணைத்துவிட்டால் ஆர்டர் போய்விடுமோ என்று பயமாக இருக்கிறது.

ஆர்டருக்கென ஒரு தனி எண் வைத்து அதைக் கடைப் பணியாளர் ஒருவரிடம் கொடுங்கள். உங்கள் சொந்த எண்ணில் வரும் செய்திகளைப் பதினொரு மணி, மூன்று மணி, ஆறு மணி என்று மூன்று வேளை மட்டும் பாருங்கள். அவசரம் என்றால் போன் செய்யுங்கள் என்பதை வாடிக்கையாளர்களுக்கும் சொல்லிவிடுங்கள். விலையையும் அளவையும் குரல் பதிவில் சொல்பவர்களிடம், எழுத்தில் ஒரு வரி அனுப்பக் கேட்டுக்கொள்ளுங்கள். குரல் பதிவில் அடுத்த வாரம் எதையும் தேடி எடுக்க முடியாது.

சொல்லாமல் வந்து உட்காரும் உறவினர், நண்பர்களை எப்படிச் சமாளிப்பது? முகம் கொடுக்காவிட்டால் தவறாக நினைப்பார்களே?

வருபவரை வாங்க என்று சொல்லித் தேநீர் தருவது நம் வழக்கம். அதை விட வேண்டியதில்லை. ஆனால் தேநீரோடு, இன்று பன்னிரண்டு மணிக்கு லோடு ஏற்ற வேண்டும், அதுவரை உட்காரலாம் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். பிற்பகல் நான்கிலிருந்து ஐந்து வரை வருவோரைப் பார்க்கும் நேரம் என்று சில மாதங்கள் விடாமல் கடைப்பிடித்தால், ஊரே அதற்குப் பழகிக்கொள்ளும். விற்பனைப் பிரதிநிதிகளுக்கும் அதே நேரம்தான். கோயில் திருவிழா வசூலுக்கு வருபவர்களை மட்டும் காக்க வைக்காதீர்கள். அவர்கள் ஒரு நாளில் பல கடைகள் ஏற வேண்டியவர்கள்.

வங்கிக்கும் அரசு அலுவலகங்களுக்கும் எந்த நாளில் போவது நல்லது?

திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகத்தில் மக்கள் குறைதீர்க்கும் நாள் நடப்பதால், பல துறை அலுவலர்கள் அன்று முற்பகல் அங்கே இருப்பார்கள். உங்கள் கோப்பு பார்க்கும் அலுவலர் இருக்கையில் இருக்கமாட்டார். மாவட்டத் தொழில் மையத்துக்கும் செவ்வாய் முதல் வியாழன் வரையே ஏற்றவை. வங்கிகளுக்கு இரண்டாம், நான்காம் சனிக்கிழமைகள் விடுமுறை. கடன் வரம்பு போன்ற பெரிய விஷயங்களை மாதக் கடைசியிலும் மார்ச் பிற்பாதியிலும் மேலாளரிடம் எடுத்துச் செல்லாதீர்கள்.

கூட்டத்தில் பேசியதை எழுதி வைக்க வேண்டுமா?

முடிவை மட்டும் எழுதுங்கள். என்ன செய்வது, யார் செய்வது, எந்தத் தேதிக்குள் என்ற மூன்றும் ஒரு வரியில் அடங்கும். அடுத்த கூட்டம் அந்த வரிகளை உரக்கப் படிப்பதில் தொடங்க வேண்டும். இரண்டு வாரம் தொடர்ந்து முடியாத வேலை இருந்தால், அதை வேறொருவருக்கு மாற்றுங்கள் அல்லது பட்டியலிலிருந்து அடித்துவிடுங்கள்.

நான் ஒரு நாள் இல்லாவிட்டாலும் கடை ஓடுமா? விடுப்பு எடுக்கவே முடியவில்லை.

அதைச் சோதித்துப் பார்க்காமல் தெரியாது. வேலை குறைவான ஒரு புதன்கிழமையை முதலில் எடுத்துக்கொள்ளுங்கள். முந்தைய மாலை சாவி, சில்லறைப் பணம், கடன் கொடுக்கக்கூடாதவர்களின் பட்டியல், அவசரத்துக்கு எலக்ட்ரீஷியன் எண் ஆகியவற்றைப் பொறுப்பேற்பவரிடம் கையில் கொடுத்துவிட்டு, மதியம் ஒரு முறை மட்டும் பேசுவதாகச் சொல்லுங்கள். அந்த ஒரு பேச்சில் அவர் கேட்கும் கேள்விகளை எழுதிக்கொள்ளுங்கள். மறுநாள் நீங்கள் எழுதி ஒட்ட வேண்டிய விதிகள் அவைதான். அடுத்த மாதம் சனிக்கிழமை போன்ற, வாடிக்கையாளர் நெரிசல் மிகுந்த நாளில் இதையே செய்து பாருங்கள். இப்படிப் பழகிவிட்டால், ஆடிப்பெருக்குக்கு ஒகேனக்கல் போகும்போது போனை வண்டியிலேயே வைத்துவிட்டு இறங்க முடியும்.